ஷீலா பேசுகிறேன்... மேட்டுக்கு ஏறுங்கள்!

1

பூட்டு உடைந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போன ஜீப் டிரைவர், போன வேகத்தில் திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம்... உள்ள வராதீக!"

எப்சிபா உள்ளே போனாள்.

'வராதீர்கள்' என்று யார் சொன்னாலும் அங்கே போய்ப் பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். சென்னையிலிருந்து வந்திருந்த தணிக்கைக் குழுவின் தலைவி அவள். வெள்ளத்தைத் தடுக்க அரசு என்ன செய்திருக்கிறது, மீறி வந்தால் மக்களைக் காப்பாற்ற என்ன தயார் செய்து வைத்திருக்கிறது என்று முதலில் காகிதத்தில் படிப்பாள். பிறகு நேரில் வந்து பார்ப்பாள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது நரியோடைக் காலனி. வெள்ளம் வந்தால் காலனி ஜனங்கள் தங்குவதற்காகக் கட்டிய பாதுகாப்பு மையம் அது.

உள்ளே ஓர் ஆள்கூடத் தங்க முடியாது!

தரையிலிருந்து கூரை வரை திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு சின்னச் சந்து.

அந்தச் சந்தில் ஒருவர் மல்லாந்து கிடந்தார்.

விழிகள் திறந்திருந்தன. மூக்கிலும் வாயிலும் வெள்ளை நுரை... காய்ந்து போய், பொருக்காய் ஒட்டியிருந்தது.

பின்னாலேயே வந்த சுந்தரலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார். இந்தப் பகுதியின் பேரிடர் தடுப்புப் பணிகளுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி அவர்.

"சூரியபிரகாஷ்!"

"யாரு சார் இவர்?"

"காண்ட்ராக்டர் மேடம். மார்க்கையன்கோட்டைக்காரர். இங்கன சைரன், மலையில மழைமானி, செல்போன்ல எச்சரிக்கை பண்ற மெஷின்... எல்லாம் போட்டது இவருதான். இன்னைக்கு நம்மகூட வர்றதாச் சொல்லியிருந்தாரு..."

"வந்துட்டாரே!" என்றான் சசிதரன்.

எப்சிபாவின் உதவியாளன். கெட்டிக்கார இளைஞன். இன்ஜினீயர். நரியோடைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று வழியில் சொல்லியிருந்தான். அவன் நக்கலாகத்தான் சொன்னான். ஆனால் குரல் நடுங்கியது.

"சசி, எதையும் தொடாதே. போலீஸுக்குப் போன் பண்ணு."

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டி. கனத்த மீசை, கனத்த தொப்பை, லேசான நாக்கு. கூட வந்த டாக்டர் சந்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, நிமிரும்போது குழம்பிப் போயிருந்தார்.

"என்ன டாக்டர், ஹார்ட் அட்டாக்கா?"

"இல்ல இன்ஸ்பெக்டர். போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா இந்த நுரையைப் பாத்தா..."

"பாத்தா?"

"தண்ணியில மூழ்கிச் செத்தவர் மாதிரி இருக்கு!"

தங்கப்பாண்டி தரையைப் பார்த்தார். புழுதி. சட்டையைத் தொட்டார். காய்ந்திருந்தது. சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல தண்ணிக் குழாய் எங்கன இருக்கு சார்?"

சுந்தரலிங்கம் எச்சில் விழுங்கினார்.

"இருக்கு... வந்து... அனுமதி ஆயிருச்சு..."

"குழாயே இல்ல இன்ஸ்பெக்டர்," என்றாள் எப்சிபா. "ரிப்போர்ட்ல மட்டும் இருக்கு."

"அப்ப மனுசன் எதுல மூழ்கினாரு? ரிப்போர்ட்லயா?"

வாசலில் கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அவதான் இழுத்துட்டுப் போயிருக்கா."

எல்லோரும் திரும்பினார்கள்.

ஆடு மேய்க்கும் கம்பு கையில். நரைக்கத் தொடங்கிய தலை. காலனியைச் சேர்ந்த மாயக்காள்.

"யாரு அவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஷீலா. போன வருசத்துத் தண்ணியில போனாளே... அந்தப் புள்ளதான். தெனமும் போன்ல வந்து கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. நேத்து நேர்லயே வந்துட்டா!"

2

கிரேட்டுகளைப் பற்றிய கேள்விக்குச் சுந்தரலிங்கத்திடம் உடனே பதில் வந்தது. பின்பக்கத்துத் திராட்சைத் தோட்டம் அவருடைய மைத்துனருடையதாம். மழைக்காகத் தற்காலிகமாக வைத்தாராம்.

ஷீலாவைப் பற்றிய கேள்விக்கு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெபஷீலான்னு ஒரு பொண்ணு மேடம். தேனியில பாத்திரக்கடை வச்சிருந்தவரு மக. நம்ம எச்சரிக்கை மையத்துல காண்ட்ராக்ட் வேலை. மலையில மழை கொட்டினா ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கினா, சைரன் அலறும். காலனியில இருக்கற எல்லா செல்போனுக்கும் கால் போகும். அவ்வளவுதான் வேலை."

"அமுக்கலையா?"

"சீட்டை விட்டு எந்திரிச்சு ஓடிட்டா மேடம். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளம் வந்து காலனியே போச்சு. இவளும் போனா. உடம்பு கிடைக்கவே இல்ல. விசாரணையில அவளோட அலட்சியம்னுதான் முடிவாச்சு."

எப்சிபா ஓடையை நோக்கி நடந்தாள். தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், மேடு தொடங்கும் இடத்தில், சைரன் கம்பம் நின்றது. ஏணி கொண்டுவரச் சொல்லி, சேலையைச் செருகிக்கொண்டு தானே ஏறினாள். சைரன் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே மைனாக் கூடு.

வேறொன்றும் இல்லை.

"சார்," என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள். "இதுவும் நல்லாத்தான் இருந்துச்சா?"

சுந்தரலிங்கம் மலையை ரசிக்க ஆரம்பித்திருந்தார்.

சாயங்காலம். பிணத்தோடு போலீஸ் வண்டி தேனிக்குப் போய்விட்டது. சுந்தரலிங்கமும் கழன்றுகொண்டார். எப்சிபா மாயக்காளின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீடு என்றால் பாதிச் சுவர். மீதிச் சுவர் வெள்ளத்தோடு போனது. அந்த இடத்தில் தார்ப்பாய்.

"மேடம், நான் ஜீப்ல உட்காந்திருக்கேன். தலைவலி," என்றான் சசிதரன்.

"போன் வந்தா எடு. சென்னையில இருந்து கூப்பிடுவாங்க."

"போன்ல சார்ஜ் இல்ல மேடம். ஆஃப் ஆயிடுச்சு."

அவன் போனதும் மாயக்காள் சொன்னாள்:

"அந்த ஆபீசர் சொன்னதக் கேட்டேன் தாயி. சீட்ட விட்டு ஓடினாளாம். ஆமா, ஓடினா. எங்க கதவத் தட்ட ஓடினா!"

"என்ன சொல்றீங்க?"

"பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கா. ஒண்ணும் சத்தம் வரல. ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டா. ஒவ்வொரு வீடா... கதவத் தட்டி, 'மேட்டுக்கு ஏறுங்க, மேட்டுக்கு ஏறுங்க'ன்னு கத்திக்கிட்டே போனா. என்னையக் கையப் பிடிச்சு இழுத்து மேட்டுல விட்டது அவதான். கீழ்வரிசையில மூணு வீடு பாக்கின்னு சொன்னா. போகாதடின்னு முந்தானையப் பிடிச்சேன். உதறிட்டு எறங்கினா..."

மாயக்காள் நிறுத்தினாள்.

"அதுக்குப் பெறகு சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. தண்ணிச் சத்தம்."

"இதை விசாரணையில சொல்லலையா?"

"எங்களையெல்லாம் யாரு தாயி கூப்பிட்டாக?"

மேற்கே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. காலனியில் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு பெண் ஓடிவந்து வாசலில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன ஆச்சு?"

"நேரமாயிருச்சு தாயி," என்று முணுமுணுத்தாள் மாயக்காள்.

அடுத்த கணம்...

அவள் இடுப்பிலிருந்த செல்போன் அலறியது!

பக்கத்து வீட்டுப் போன்... எதிர் வீட்டுப் போன்... டீக்கடையில் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று...

காலனி முழுக்க ஒரே நேரத்தில் அலறின!

யாரும் எடுக்கவில்லை. எப்சிபா மட்டும் மாயக்காளின் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

கரகரவென்று இரைச்சல். பிறகு... ஒரு பெண். இளங்குரல். பாடம் ஒப்பிப்பது போல நிதானமாக.

"வணக்கம். ஷீலா பேசுகிறேன். நரியோடையில் வெள்ளம் வருகிறது. மேட்டுக்கு ஏறுங்கள். சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எப்சிபா திரும்பி ஓடையைப் பார்த்தாள். மணலில் ஒரு நாய் படுத்திருந்தது. தண்ணீர் என்ற பேச்சே இல்லை.

"முத நா விழுந்தடிச்சு ஓடினோம்," என்றாள் மாயக்காள். "தண்ணி வரல. மறுநாளும் வரல. ஒரு மாசமா இப்பிடித்தான். அவ சொல்லி நாம கேக்கலையோன்னுதான் திரும்பத் திரும்ப வர்றா தாயி..."

எப்சிபா ஜீப்புக்கு நடந்தாள். சசிதரன் இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு, சீட்டில் குனிந்து கிடந்தான்.

"என்ன சசி! தலைவலி அவ்வளவு அதிகமா?"

அவன் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"போயிடலாம் மேடம்... இந்த ஊர் வேணாம்!"

3

மறுநாள் காலை. கம்பம் போலீஸ் ஸ்டேஷன்.

"டாக்டர் சொன்னது சரிதான்," என்றார் தங்கப்பாண்டி. "தண்ணியில மூழ்கித்தான் செத்திருக்காரு. ஆனா அது வெறும் தண்ணி இல்ல மேடம். நகக்கண்ணுல நீலம். நுரையீரல்ல மயில்துத்தம்!"

"திராட்சைக்கு அடிக்கற மருந்தா?"

"அதேதான். மையத்துக்குப் பின்னாடி தோட்டத்துல மருந்து கலக்கற தொட்டி இருக்கு. தலைய மட்டும் அதுக்குள்ள வச்சு அமுக்கியிருக்கான். அதான் உடம்பு நனையல. முந்தாநாள் ராத்திரி ஆகறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிருக்கு. தோட்டம் யாருது?"

"சுந்தரலிங்கம் மைத்துனரோடது."

"மையத்துச் சாவி யாருகிட்ட?"

"சுந்தரலிங்கத்துகிட்ட ஒண்ணு. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லித்தானே நேத்துப் பூட்டை உடைச்சோம்? இன்னொண்ணு காண்ட்ராக்டர்கிட்ட."

"போதும் மேடம்! மாமன் மச்சான் ரெண்டு பேரையும் உள்ள உக்கார வச்சிருக்கேன். இப்பக் காரணந்தான் வேணும்."

"அது என்கிட்ட இருக்கு இன்ஸ்பெக்டர்."

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சசிதரனை டீ வாங்க அனுப்பியிருந்தாள். பாவம், ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"செத்தவ எப்படிப் போன் பண்ணுவா? இப்படிக் கூட்டமா கால் அனுப்பித் தர்ற கம்பெனிகள் இருக்கு. காலையில ஒவ்வொண்ணாப் பிடிச்சேன். ஒரு கம்பெனி ஒத்துக்கிச்சு. நரியோடைக்கு எச்சரிக்கை கால் போகறது அவங்க மூலமாத்தான். ஏற்பாடு பண்ணினவர் சூரியபிரகாஷ்!"

"அவரேவா!"

"இன்னும் கேளுங்க. அந்த இணைப்பு எப்ப ஆரம்பிச்சுது தெரியுமா? போன மாசம்! வெள்ளம் வந்தது போன வருஷம். அப்படின்னா அன்னைக்கு..."

தங்கப்பாண்டியின் கை மீசையிலேயே நின்றது.

"அன்னைக்கு மெஷின்ல இணைப்பே இல்ல!"

"வெறும் பட்டன். அதைத்தான் அந்தப் பொண்ணு அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கா. பழியும் அவ மேலயே போட்டாச்சு. சூரியபிரகாஷுக்கு மனசு உறுத்தியிருக்கணும். இப்ப அவரா மலையேறி மழைமானியை வச்சு, மழை கொட்டினா தானாவே கால் போற மாதிரி இணைப்பும் குடுத்திருக்காரு. தினமும் சாயங்காலம் தானாப் போற ஒரு சோதனைக் கால். மெஷின்ல இருந்தது ஷீலா வேலையில சேர்ந்தப்போ பேசிப் பதிவு பண்ணின அந்த ஒரே குரல்தான். ஜனங்க முகத்துல முழிச்சு விஷயத்தைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரல. அதனால பேய் ஆயிடுச்சு."

"அடப்பாவி மனுசா..."

"ஆடிட் வருதுன்னதும் எல்லாத்தையும் சொல்லிடலாம்னு நினைச்சிருப்பாரு. சொன்னா, யார் மாட்டுவாங்க?"

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சாதிச்ச ஆளு!"

தங்கப்பாண்டி உற்சாகமாக எழுந்து, உள்ளறைக்குப் போனார். உள்ளேயிருந்து சுந்தரலிங்கத்தின் குரல் கீச்சிட்டது. "சத்தியமா நான் கொல்லலைங்க! சாவி நெசமாவே தொலைஞ்சு போச்சுங்க!"

எப்சிபா போனை எடுத்து மாயக்காளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், காலனி முழுக்கச் சொல்லிடுங்க. சாயங்காலம் வர்ற கால் சோதனை. பயப்படாதீங்க. ஆனா வேற நேரத்துல ஷீலா கூப்பிட்டா... அது மலையில நிஜமாவே மழை கொட்டுதுன்னு அர்த்தம். உடனே ஏறிடணும். புரியுதா?"

"அவ சொன்னா ஏறிருவோம் தாயி."

சசிதரன் டீயோடு வந்தான்.

"என்ன மேடம், முடிஞ்சுதா?"

"கொலைகாரன் கிடைச்சாச்சு சசி. ஒரே ஒரு வேலை பாக்கி. சைரன் கம்பத்தைப் போட்டோ எடுக்கணும். அதோட சென்னைக்குக் கிளம்பிடலாம்."

சசிதரனின் முகத்தில், இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக, சிரிப்பு வந்தது.

4

நடுப்பகல். நரியோடையில் சுள்ளென்று வெயில்.

மேற்கே மலைப்பக்கம் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது.

டிரைவர் ஜீப்பைக் காலனியிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். எப்சிபாவும் சசிதரனும் தரைப்பாலத்தில் நின்றார்கள். அவள் கம்பத்தைப் பல கோணங்களில் செல்போனில் படம் எடுத்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு, இல்ல சசி? வேலையைச் செஞ்சதுக்குச் செத்தும் கெட்ட பேர்."

சசிதரன் ஜீப் நின்ற பக்கம் திரும்பினான்.

அப்போதுதான்...

அவன் சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது.

எடுத்தான். புது நம்பர். ஆபீஸ் கால் என்று நினைத்துக் காதில் வைத்தான். வெயிலில் திரை தெரியாமல் எங்கே விரல் பட்டதோ, ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

"வணக்கம். ஷீலா பேசுகிறேன். நரியோடையில் வெள்ளம் வருகிறது..."

போன் அவன் கையிலிருந்து நழுவிப் பாலத்தில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் பேசியது!

"...மேட்டுக்கு ஏறுங்கள். சாமான்களை எடுக்க நிற்காதீர்கள்..."

தூரத்தில் காலனியின் போன்கள் எல்லாம் அலறிக்கொண்டிருந்தன. அதையும் மீறி மாயக்காளின் குரல் கேட்டது.

"ஏலே! இந்நேரத்துக்குக் கூப்பிடுறாடா! இது நெசம்டா! ஏறுங்கடா எல்லாரும்!"

கதவுகள் திறந்தன. ஜனங்கள் ஓடினார்கள். கிழவர்களைத் தூக்கிக்கொண்டு... ஆடுகளை விரட்டிக்கொண்டு... ஜீப் ஹாரனை அமுக்கியபடி டிரைவரும் மேட்டை நோக்கிப் பறந்தான்.

எப்சிபா மட்டும் நகரவில்லை.

தன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். அது ஒலிக்கவில்லை. ஒலிக்காது! வெள்ளத்துக்கு முன்னால் காலனியில் சேகரித்த பழைய நம்பர்களுக்கு மட்டும்தான் கால் போகிறது என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். புதிதாக யாரையும் சேர்க்கவில்லை என்றும்!

"சசி..."

"மேடம், ஓடலாம் வாங்க..."

"நரியோடைக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்லன்னு சொன்ன. உன் நம்பர் எப்படி அவகிட்ட இருக்கு?"

சசிதரனின் உதடு துடித்தது. சட்டென்று, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"ஒரு மாசமா மேடம்! தினமும் சாயங்காலம் செத்தவ என்னைக் கூப்பிடுறா! நம்பரை ப்ளாக் பண்ணினா வேற நம்பர்ல வர்றா! இருட்டற நேரம் வந்தாலே போனை ஆஃப் பண்ணி வைக்கறேன்... அப்பவும் காதுக்குள்ள கேக்குது!"

"அதனாலதான் நேத்து ஜீப்ல..."

"ஆடிட் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தனியார் கம்பெனியில இருந்தேனே... கருவியெல்லாம் ஓடுதான்னு பாத்து சர்ட்டிஃபிகேட் குடுக்கற கம்பெனி. வெள்ளத்துக்கு முன்னாடி இங்க வந்தேன். சூரியபிரகாஷ் என் நம்பரை மெஷின்ல முதல் ஆளாப் போட்டாரு. பட்டனை அமுக்கினாரு. என் போன் அடிச்சுது. பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தன் வேற போன்ல கூப்பிட்டு, ரெக்கார்டிங்கை ஓட விட்டான். சுவர் வழியா எனக்கே கேட்டுச்சு மேடம்! தெரிஞ்சேதான் 'நன்றாக இயங்குகிறது'ன்னு கையெழுத்துப் போட்டேன். கம்பெனி பேர்ல போச்சு. என் பேர் வெளியில வராதுன்னு நினைச்சேன்..."

"சூரியபிரகாஷ் எங்கிட்ட சொல்ல வந்தாரா?"

"முந்தாநாள், உங்களைக் கேட்டுத்தான் நாம தங்கியிருக்கற பங்களாவுக்குப் போன் பண்ணினாரு. நான் எடுத்தேன். மேடம் மையத்துக்கு வருவாங்கன்னு சொல்லி வரவழைச்சேன். 'என் பேரை மட்டும் சொல்லாதீங்க'ன்னு கால்ல விழுந்தேன் மேடம். 'அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லணும் தம்பி'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. தொட்டி பக்கத்துல இருந்துச்சு. அவர் பையில சாவி இருந்துச்சு. காலனிக்காரங்க எப்படியும் பேய்னுதான் சொல்லுவாங்கன்னு..."

தரை அதிர்ந்தது.

மலைப்பக்கம் ஓர் உறுமல். நூறு லாரிகள் ஒன்றாகக் கிளம்புவது போல.

எப்சிபா மேட்டை நோக்கித் திரும்பினாள்.

அவள் தோளில் சசிதரனின் கை விழுந்தது.

"நீங்க போகக் கூடாது மேடம். தண்ணி இழுத்துட்டுப் போச்சுன்னா... யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க!"

தள்ளினான்.

அவள் சாய்ந்தாள்... சாய்கிற போக்கில் அவன் சட்டையைப் பற்றினாள். இரண்டு பேரும் பாலத்தின் ஓரத்தில் உருண்டார்கள். அவன் எழுவதற்குள் அவள் முழங்கால்களால் தவழ்ந்து, சைரன் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

ஓடை திரும்பும் இடத்தில் அது தெரிந்தது.

செம்மண் நிறத்தில் ஒரு சுவர். மரங்களோடு, பாறைகளோடு...

வந்தது!

பாலம் காணாமல் போனது. தண்ணீர் எப்சிபாவின் இடுப்புக்கு ஏறியது. மூச்சு முட்டியது. கம்பம் மட்டும் அசையவில்லை. நட்ட நாளிலிருந்து அந்தக் கம்பம் ஓர் உயிரைக் காப்பாற்றியது அன்றைக்குத்தான்.

"தாயி! கைய விட்டுறாதீக!"

மாயக்காளும் காலனி ஆட்களும் மேட்டிலிருந்து டிராக்டர் கயிற்றோடு ஓடிவந்தார்கள். கயிறு விழுந்தது. எப்சிபா பிடித்தாள். இழுத்தார்கள். கரையில் விழுந்து இருமினாள்.

"மேடம்... மேடம்..."

ஓடை நடுவில் பாலத்து எல்லைக்கல் ஒன்று தலைகாட்டியது. அதைக் கட்டிக்கொண்டு சசிதரன் கத்திக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் கழுத்தில் இருந்தது.

"அவன்தான் அக்கா," என்றாள் எப்சிபா மூச்சிரைக்க. "சூரியபிரகாஷைக் கொன்னவன். மெஷின் ஓடுதுன்னு அன்னைக்குப் பொய் எழுதிக் குடுத்தவனும் அவன்தான்."

கயிற்றைப் பிடித்திருந்த கைகள் நின்றன.

தண்ணீர் மட்டும் பேசியது. அந்தக் கைகளில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமான யாரோ ஒருவர் அதே தண்ணீரில்தான் போயிருந்தார். மாயக்காள் கீழ்வரிசை இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே மூன்று வீடுகள் இருந்தன, ஒரு காலத்தில்.

"போகட்டும் விடு!" என்றது ஒரு குரல்.

"அவன் உயிரோட வேணும்!" எப்சிபா எழுந்து நின்றாள். "ஷீலா மேல தப்பில்லன்னு அவன் வாயால கோர்ட்ல சொல்லணும்! அவன் செத்தா அதுவும் அவனோடயே போயிடும்!"

மாயக்காள் கண்களைத் துடைத்தாள். கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்டாள். சுழற்றி எறிந்தாள்.

"ஏலே... பிடிடா! அந்தப் புள்ளயா இருந்தா ஒன்னயும் வந்து தட்டித்தான் கூப்பிட்டிருப்பா. பிடி!"

5

வெள்ளம் மாலைக்குள் வடிந்தது. காலனியில் இருபது வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கம்பம் ஸ்டேஷனில் சசிதரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். கேட்காததற்கும் சொன்னான். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டான்.

"சார், என் செல்போன் கிடைச்சுதா?"

"தண்ணியோட போயிருச்சுப்பா."

சசிதரன் சுவரில் சாய்ந்து கண்களை மூடினான். கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனான்.

வெளியே பெஞ்சில் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். எப்சிபா பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"அக்கா, கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிக் குரலை மாத்தச் சொல்லட்டுமா? ஊரே பயந்து கிடந்துச்சே."

மாயக்காள் வேகமாகத் தலையாட்டினாள்.

"வேணாந்தாயி. அது அங்கனயே இருக்கட்டும். வேற யாரு சொன்னாலும், மெய்யா பொய்யான்னு யோசிச்சுக்கிட்டு நிப்போம். அவ கூப்பிட்டா காலு தானா மேட்டுக்கு ஏறுது."

தேனியில் ஷீலாவின் அம்மா தனியாக இருக்கிறாள் என்று எப்சிபா விசாரித்து வைத்திருந்தாள். காலையில் முதல் வேலையாக அங்கே போக வேண்டும். மாயக்காளையும் கூட்டிக்கொண்டு.

உள்ளறைக் கதவு திறந்தது. சுந்தரலிங்கம் வெளியே வந்தார். சட்டை கசங்கி, முடி கலைந்து... ஆனால் முகத்தில் வெளிச்சம்.

"இன்ஸ்பெக்டர், கொலைகாரன்தான் கிடைச்சாச்சே! அப்ப நான் போகலாம்ல?"

தங்கப்பாண்டி எப்சிபாவைப் பார்த்தார். அவள் எழுந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். "இணைப்பே இல்லாத மெஷின் 'நல்லாத்தான் இருந்துச்சு'ன்னு சொன்னீங்களே... அதுல இருந்து ஆரம்பிப்போமா?"

சுந்தரலிங்கத்தின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது.

தங்கப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டே கதவை அகலத் திறந்துவிட்டார்.

"கொலைக் கேஸ்ல இருந்து நீங்க தாராளமாப் போகலாம் சார். ஆனா மேடம் கேக்கற கேள்வி முடியறதுக்குள்ள, கொலைக் கேஸே பரவாயில்லன்னு நீங்களா திரும்பி வந்துருவீக!"